எழுத்து அதேதான், புள்ளிதான் புதிது: மருந்துக்கு அடங்காத புற்றுநோய் உயிரணுக்கள்

"மருந்து உடம்புக்குப் பழகிப்போச்சு, அதான் கேட்கல." கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்த வார்த்தையைக் கேட்காத தமிழ்க் குடும்பம் இருக்குமா என்று தெரியவில்லை. தலைவலி மாத்திரைக்கும் இதையே சொல்வார்கள், இருமல் மருந்துக்கும் இதையே சொல்வார்கள். பிரிக்பீல்ட்ஸில் ஏதாவது ஓர் உணவகத்தில் பக்கத்து மேசையில் யாராவது நோயைப் பற்றிப் பேசினால், ஐந்து நிமிடத்துக்குள் இந்த வாக்கியம் வந்துவிடும். புற்றுநோய் மருந்துக்கும் இதே விளக்கம்தான்.

படிவம் 4 உயிரியலில் உயிரணுப் பிரிவு பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாள். "டீச்சர், எங்க பாட்டிக்கு முதல் ஆறு மாதம் மருந்து நல்லா வேலை செஞ்சது. கட்டி சுருங்கிடுச்சுன்னு டாக்டரே சொன்னாரு. அப்புறம் அதே மருந்து, அதே அளவு, ஆனா கட்டி திரும்ப வளருது. மருந்து மாறல. அப்போ மாறினது எது?"

நல்ல கேள்வி. கட்டுப்பாடின்றி உயிரணுக்கள் பிரிவதால் புற்றுநோய் வருகிறது என்று நம் பாடம் சொல்கிறது. அந்தக் கட்டத்தைத் தாண்டி, மருந்து கொடுத்த பிறகு அந்த உயிரணுக்கள் என்ன செய்கின்றன என்பதற்குள் பாடம் போவதில்லை. ஆனால் புற்றுநோயால் உயிர் போகும் பல குடும்பங்களில் உண்மையான கதை அங்கேதான் நடக்கிறது.

சுருக்கமான பதில் இது: பழகிக்கொண்டது பாட்டியின் உடம்பு அல்ல, புற்றுநோய் உயிரணுக்கள். அவை பழகிக்கொள்ள இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி அறிவியலாளர்களுக்கு நெடுநாளாகத் தெரியும். இரண்டாவது வழிதான் இந்த வாரக் கட்டுரை.

முதல் வழி: எழுத்தே மாறுவது

முதல் வழியைப் புரிந்துகொள்ள மைலாய்டு வகை நாட்பட்ட இரத்தப் புற்றுநோயைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. 1960-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்ட் என்ற இருவர், இந்த நோயாளிகளின் இரத்த உயிரணுக்களில் வழக்கத்துக்கு மாறாகக் குட்டையான ஒரு குரோமோசோம் இருப்பதைப் பார்த்தார்கள். 1973-இல் ஜேனட் ரௌலி என்ற பெண் அறிவியலாளர் அதன் காரணத்தைக் கண்டார். 9-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் 22-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொண்டிருந்தன. ஒட்டிய இடத்தில் முன்பு இல்லாத ஒரு மரபணு உருவாகிவிட்டது. அது தயாரிக்கும் புரதம், அணைக்க முடியாத சுவிட்ச் போல, "பிரி, பிரி" என்று உயிரணுவுக்கு ஓயாமல் கட்டளையிடுகிறது.

அந்தப் புரதத்தில் ஒரு குழிவு உண்டு. அதில் சரியாகப் போய் உட்கார்ந்து சுவிட்சை அணைக்கும் மருந்துதான் இமாடினிப். 2001-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. இந்த மருந்தை முதல் சிகிச்சையாகத் தொடங்கியவர்களை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வில், 89 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தார்கள். அதற்கு முந்தைய காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத எண் இது. நம் நாட்டில் இரத்த நோய்களுக்கான தேசியப் பரிந்துரை மையம் கோலாலம்பூருக்குப் பக்கத்திலுள்ள அம்பாங் மருத்துவமனை. இந்த மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போய் வருகிற ஒருவர் உங்கள் வீட்டுக்கு அருகிலேயே இருக்கலாம், உங்களுக்குத் தெரியாமலே.

ஆனாலும் சிலரிடம் மருந்து தோற்றது. மருந்துக்கு அனுமதி கிடைத்த அதே 2001-இல் லாஸ் ஏஞ்சலிஸில் சார்லஸ் சாயர்ஸ் குழுவினர் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். டி.என்.ஏ.வில் ஏ, டி, ஜி, சி என்று நான்கு எழுத்துகள் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஒட்டு மரபணுவில் ஒரே ஓர் இடத்தில் சி என்ற எழுத்து டி ஆக மாறியிருந்தது. அதனால் புரதத்தின் 315-ஆவது அமினோ அமிலம் திரியோனின் என்பதிலிருந்து ஐசோலியூசின் ஆகிவிட்டது. குழிவின் வடிவம் மாறிவிட்டது. மருந்துக்கு உட்கார இடமில்லை.

இதைத்தான் பிறழ்வு என்கிறோம். எழுத்தே மாறிவிடுவது. நிரந்தரமானது, மருந்தை நிறுத்தினாலும் பழைய எழுத்து திரும்பி வராது. இந்த 315-ஆம் இடத்துப் பிறழ்வுக்கு எதிராகவே வடிவமைத்த போனாடினிப் என்ற மருந்து 2012-இல் வந்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் சுலபம்: எந்த எழுத்து மாறியது என்று பார், அதற்கேற்ற மருந்து செய். ஆனால் மருந்து கேட்காத சில நோயாளிகளின் உயிரணுக்களை எடுத்து அந்த மரபணுவை எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்தபோது, எந்த எழுத்தும் மாறவில்லை. எல்லாம் அப்படியே இருந்தன. மருந்து மட்டும் வேலை செய்யவில்லை.

இரண்டாவது வழி: புள்ளி விழுவது

இங்கே தமிழ் படித்த மாணவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. "பல" என்று எழுதுங்கள். இப்போது "ல" மேல் ஒரு புள்ளி வையுங்கள். "பல்" ஆகிவிட்டது. "ல" என்ற எழுத்தின் உருவத்தை நீங்கள் தொடவில்லை. கோடு ஒன்றையும் அழிக்கவில்லை. மேலே ஒரு புள்ளி, அவ்வளவுதான். உள்ளே இருந்த "அ" என்ற ஒலி அடங்கிவிட்டது.

நம் டி.என்.ஏ.விலும் இப்படிப் புள்ளிகள் உண்டு. ஒரு கரி அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்த மெத்தில் என்ற மிகச் சிறிய கூட்டம்தான் அந்தப் புள்ளி. அது பெரும்பாலும் ஜி எழுத்துக்கு முன்னால் நிற்கும் சி எழுத்தின் மேல் ஒட்டுகிறது. ஒரு மரபணுவின் தொடக்கப் பகுதியில் இத்தகைய புள்ளிகள் நிறைய விழுந்தால் அந்த மரபணு அடங்கிவிடுகிறது. எழுத்து மாறவில்லை, ஆனால் படிக்கப்படுவதில்லை. (தமிழில் ஒரு புள்ளி போதும், மரபணுவை அடக்கக் கூட்டமாகப் புள்ளிகள் வேண்டும். உவமையை அந்த அளவுக்குமேல் இழுக்காதீர்கள்.)

இது புற்றுநோய்க்காக வந்த ஏற்பாடு அல்ல. உங்கள் கல்லீரல் உயிரணுவிலும் தோல் உயிரணுவிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ., ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள், சுமார் 20,000 புரத மரபணுக்கள். ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒன்று கல்லீரலாகவும் மற்றொன்று தோலாகவும் இருக்க முடிவது எப்படி? கல்லீரல் சில பக்கங்களைத் திறந்து வைக்கிறது, தோல் வேறு பக்கங்களைத் திறந்து வைக்கிறது. மூட வேண்டியவற்றை மூடி வைக்கும் முறைகளில் ஒன்று இந்தப் புள்ளி.

இன்னொரு முறை சுற்றி வைப்பது. ஓர் உயிரணுவிலுள்ள டி.என்.ஏ.வை நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும். அது ஹிஸ்டோன் என்ற புரதங்களின் மேல், நூற்கண்டில் நூல் சுற்றுவதுபோல் சுற்றப்பட்டிருக்கிறது. எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்த ஓர் உருளையின் மேல் 147 எழுத்து நீளம். இறுக்கிச் சுற்றினால் அந்தப் பகுதியைப் படிக்க முடியாது, தளர்த்தினால் படிக்கலாம். ஹிஸ்டோனின் மேல் ஒட்டும் வேதிக்குறிகள் எங்கே இறுக்குவது, எங்கே தளர்த்துவது என்பதைத் தீர்மானிக்கின்றன.

எழுத்தைத் தொடாமல் எழுத்தின் மேல் நடக்கும் இந்த வேலைகளைப் படிக்கும் துறைக்கு எபிஜெனெடிக்ஸ் என்று பெயர். "எபி" என்றால் கிரேக்க மொழியில் "மேல்". தமிழில் மேல்மரபியல் எனலாம். 1942-இல் கான்ராட் வாடிங்டன் என்ற பிரிட்டிஷ் உயிரியலாளர் வைத்த பெயர் இது. டி.என்.ஏ.வின் முறுக்கேணி வடிவமே 1953-இல்தான் தெரியவந்தது என்பதை நினைத்தால், பெயர் முதலில் வந்து பொருள் பின்னால் வந்த கதை இது.

இன்னொன்று தெரிந்தால்தான் மேற்கொண்டு போக முடியும். உயிரணு பிரியும்போது டி.என்.ஏ. நகலெடுக்கப்படுகிறது. புதிய இழையில் எழுத்துகள் மட்டும்தான் இருக்கும், புள்ளிகள் இருக்காது. அப்போது ஒரு நொதி பழைய இழையைப் பார்த்துப் பார்த்து, எங்கெல்லாம் புள்ளி இருந்ததோ அதே இடங்களில் புதிய இழையிலும் புள்ளி வைத்துக்கொண்டே போகிறது. ஓலைச்சுவடி எழுதியவர்கள் பல நேரம் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் விட்டுவிடுவார்கள், படிப்பவர்தான் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த நொதி அவர்களைவிட ஒழுங்கான எழுத்தர். அதனால் எழுத்து மாறாமலே ஒரு குணம் தாய் உயிரணுவிடமிருந்து மகள் உயிரணுவுக்குப் போய்ச் சேர்கிறது.

இதை இப்போது ஒரு புற்றுநோய் உயிரணுவின் பக்கமிருந்து யோசியுங்கள். மருந்தைத் தாங்க எழுத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. சரியான இடத்தில் புள்ளி விழுந்தாலே போதும்.

குபாங் கெரியானில் நடந்த சோதனை

இதை நம் நாட்டிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். கிளந்தானில் குபாங் கெரியான் என்ற ஊரில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகம் இருக்கிறது. அங்கே ஹமிட் அல்-ஜமால், முகமட் ஃபாரிட் ஜோஹான் ஆகியோர் அடங்கிய குழு கே562 என்ற உயிரணுக்களைக் கையில் எடுத்தது. நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய் முற்றிய ஒரு பெண்ணிடமிருந்து 1970-களில் எடுத்து வளர்க்கப்பட்டவை இவை. இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் இருக்கின்றன. இமாடினிப் பட்டால் சாகும் உயிரணுக்கள்.

அவற்றை இமாடினிப்பிலேயே தொடர்ந்து வைத்து, மருந்துக்கு அடங்காத ஒரு வகையை அந்தக் குழு உருவாக்கியது. பிறகு சாகும் வகையையும் சாகாத வகையையும் ஒப்பிட்டுப் பார்த்தது. 2014-இல் வெளியிட்ட முடிவு இது: மருந்துக்கு அடங்காத உயிரணுக்களில் சாக்ஸ்3 என்ற மரபணுவின் மேல் மெத்தில் புள்ளிகள் விழுந்திருந்தன.

சாக்ஸ்3 என்ன வேலை செய்கிறது? அது ஒரு பிரேக். உயிரணுவுக்குள் ஸ்டாட்3 என்ற புரதம் "சாகாதே, வளர்" என்ற செய்தியைச் சுமந்து செல்கிறது. அந்தச் செய்தி அளவுக்கு மீறாமல் பார்த்துக்கொள்வது சாக்ஸ்3. புள்ளி விழுந்து பிரேக் அடங்கியதும் ஸ்டாட்3 தன் பாட்டில் ஓடத் தொடங்குகிறது. இமாடினிப் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது, முன்வாசலைப் பூட்டிவிட்டது. உயிரணுவோ பின்வாசல் வழியாகப் போய்வந்துகொண்டிருக்கிறது.

எழுத்து மாறியிருந்தால் அதைத் திருத்த வழியில்லை. ஆனால் புள்ளியை எடுக்கலாமே? எடுக்கும் மருந்து இருக்கிறது. அதன் பெயர் அசாசைடிடின். 1960-களில் செக்கோஸ்லோவாக்கியாவில் வேறு நோக்கத்துக்காகச் செய்யப்பட்ட வேதிப்பொருள். ஆய்வுக்கூடத்தில் எலிக்கரு உயிரணுக்களில் இதைச் சேர்த்தபோது, எதிர்பாராத விதமாக அவற்றில் சில தசை உயிரணுக்களாக மாறின. மெத்தில் புள்ளிகள் உதிர்ந்ததால்தான் மூடியிருந்த பக்கங்கள் திறந்தன என்று 1980-இல் பீட்டர் ஜோன்ஸ், ஷெர்லி டெய்லர் இருவரும் காட்டினார்கள்.

அது செய்யும் தந்திரம் எனக்கு மிகவும் பிடிக்கும். அசாசைடிடின் பார்ப்பதற்கு சி எழுத்தைப் போலவே இருக்கும். டி.என்.ஏ. நகலெடுக்கப்படும்போது உண்மையான சி இருக்க வேண்டிய இடத்தில் போய் நின்றுகொள்ளும். புள்ளி வைக்கும் எழுத்தர் நொதி வழக்கம்போல் வந்து அதைத் தொட்டதும், பசையில் மாட்டிய ஈயைப்போல் ஒட்டிக்கொள்ளும். எழுத்தர் இல்லாததால் புதிய நகல்கள் புள்ளி இல்லாமலே போகின்றன. 2004-இல் எலும்பு மஜ்ஜை நோய் ஒன்றுக்கு அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது.

அதே மலேசிய ஆய்வாளர்கள் 2018-இல் மற்றொரு முடிவை வெளியிட்டார்கள். மருந்துக்கு அடங்காத உயிரணுக்களுக்கு அசாசைடிடின் கொடுத்தபோது, அடங்கிக் கிடந்த வேறொரு மரபணு திறந்தது, ஸ்டாட்3 ஓய்ந்தது, இமாடினிப்பும் மறுபடி கேட்கத் தொடங்கியது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். இந்த மாற்றங்கள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்றுதான் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று எழுதவில்லை. இரண்டாவதாக, இது தட்டில் வளர்ந்த உயிரணு, மனிதர் அல்ல. செய்தித்தாளில் "புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு" என்று படிக்கும்போதெல்லாம் தட்டிலா, எலியிலா, மனிதரிலா என்று கேளுங்கள். பாதிச் செய்திகள் அங்கேயே சுருங்கிவிடும்.

ஆயிரத்தில் மூன்று

இதுவரை சொன்னது, மெல்ல மெல்ல உருவாகும் எதிர்ப்பு. இன்னும் விசித்திரமான ஒன்றை 2010-இல் பாஸ்டனிலுள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஸ்ரீநாத் சர்மா, ஜெஃப்ரி செட்டில்மன் குழுவினர் கண்டார்கள்.

பிசி9 என்பது ஜப்பானிய நோயாளி ஒருவரிடமிருந்து வந்த நுரையீரல் புற்றுநோய் உயிரணு. எர்லோடினிப் வகை மருந்துக்கு எளிதில் சாகும். இந்த மருந்து கேட்கும் வகை நுரையீரல் புற்றுநோய் ஐரோப்பியர்களைவிட நம் ஆசிய வட்டாரத்தில் அதிகம் என்பதால் இது நமக்கு வேண்டிய செய்தி. அந்த உயிரணுக்களுக்குத் தேவையைவிடப் பல மடங்கு அதிக மருந்தைக் கொடுத்தார்கள். சில நாட்களில் ஏறக்குறைய எல்லாம் செத்தன. ஆயிரத்தில் மூன்று மட்டும் சாகவில்லை. வளரவும் இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்பதுபோல் கிடந்தன.

எழுத்து மாறிய உயிரணுக்களாக இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் மருந்தை எடுத்துவிட்டு வளரவிட்டபோது, அவற்றின் சந்ததி மறுபடியும் அதே மருந்துக்குச் சாகத் தொடங்கியது. பிறழ்வு இப்படித் திரும்பாது. ஆகவே இது எழுத்தின் வேலை அல்ல. தேடிப் பார்த்ததில், ஹிஸ்டோன்களின் மேலுள்ள குறிகளை நீக்கும் கேடிஎம்5ஏ என்ற நொதி இல்லாவிட்டால் இந்த மூன்று உயிரணுக்களும் தாக்குப்பிடிப்பதில்லை என்று தெரிந்தது. ஹிஸ்டோன் குறிகளைக் குலைக்கும் வேறு வகை மருந்தைச் சேர்த்துக் கொடுத்தபோதும் அவை செத்தன. எர்லோடினிப்பைத் தாங்கியது நூற்கண்டைச் சுற்றிய விதம்தான்.

1944-இல் ஜோசப் பிக்கர் என்ற அயர்லாந்து மருத்துவர் பாக்டீரியாவில் இதையே பார்த்திருந்தார். பெனிசிலின் கொடுத்தால் மிகச் சில பாக்டீரியா மட்டும் பிழைத்தன. அவற்றை எடுத்து வளர்த்தால் அவற்றின் பிள்ளைகள் பெனிசிலினுக்குச் செத்தன. அவற்றுக்கு அவர் "விடாப்பிடியானவை" என்ற பொருளில் பெயர் வைத்தார். அதே பெயரைத்தான் பாஸ்டன் குழுவினரும் தங்கள் உயிரணுக்களுக்கு வைத்தார்கள்.

அந்த மூன்று எவை? முன்கூட்டியே வேறு மாதிரி இருந்தவையா, மருந்து பட்ட பிறகு மாறியவையா? இந்தக் கேள்விக்கு 2017-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அர்ஜுன் ராஜ் என்பவரின் ஆய்வுக்கூடம் தோல் புற்றுநோய் உயிரணுக்களை வைத்து ஒரு பதில் சொன்னது. முதல் ஆசிரியர் சிட்னி ஷாஃபர். பதில்: இரண்டும்தான்.

கோலாலம்பூரின் பிற்பகல் மழையை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் வெயில் அடிக்கிறது. நூறு மாணவர்களில் யாரோ இரண்டு பேர் பையில் குடை இருக்கிறது. காரணம் ஒன்றுமில்லை, நேற்று வைத்ததை எடுக்க மறந்துவிட்டார்கள். நாளைக்கு வேறு இரண்டு பேரிடம் இருக்கும். திடீரென்று கொட்டுகிறது. அன்று குடை வைத்திருந்த இருவர் தப்பிக்கிறார்கள். இதுவரை வெறும் தற்செயல். மழை நிற்கவே இல்லை என்றால்? அந்த இருவரும் குடையை மடக்க மாட்டார்கள். வாரக்கணக்கில் விரித்தே பிடித்துப் பிடித்து, அதுவே அவர்கள் நிலை ஆகிவிடும்.

புற்றுநோய் உயிரணுக்களிலும் அப்படித்தான். மருந்து வருவதற்கு முன்பே, மிகச் சில உயிரணுக்களில் மட்டும் சில மரபணுக்கள் தற்காலிகமாக உரக்கப் பேசிக்கொண்டிருக்கின்றன. மருந்து வரும் நேரத்தில் அந்த நிலையில் இருப்பவை பிழைக்கின்றன. மருந்து தொடரத் தொடர, தற்காலிக நிலை நிலையான நிலையாக உறைகிறது. முதலில் குடை, பிறகு பழக்கம்.

இந்த விடாப்பிடியானவற்றால் உண்மையான ஆபத்து இன்னொன்று உண்டு. அவை நேரம் வாங்கித் தருகின்றன. 2016-இல் பாஸ்டனிலிருந்தே வந்த மற்றோர் ஆய்வு, நுரையீரல் புற்றுநோயில் நிரந்தர எதிர்ப்பைத் தரும் எழுத்துப் பிறழ்வு, இப்படி மருந்தைத் தாங்கிப் பிழைத்துக் கிடந்த உயிரணுக்களிலிருந்தே பிற்பாடு தோன்ற முடியும் என்று காட்டியது. புள்ளி காப்பாற்றி வைத்த உயிரணுவில் எழுத்து மாறுகிறது.

மாத்திரையை இடைவெளி விட்டுச் சாப்பிடலாமா?

இதைப் படித்துவிட்டு யாராவது ஒரு கணக்குப் போடக்கூடும். மருந்தை எடுத்துவிட்டால் உயிரணு மறுபடி மருந்துக்கு அடங்குகிறது என்றால், நடுநடுவே மருந்தை விட்டுவிடுவது நல்லதுதானே?

கிள்ளானில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இந்தக் கணக்கை எந்த ஆய்வையும் படிக்காமலே போட்டார். "தினமும் போட்டா உடம்புக்குப் பழகிடும்" என்று இரத்தப் புற்றுநோய் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் விழுங்கினார். அவருக்கு என்ன நேர்ந்தது என்பது அவர் குடும்பத்தின் விஷயம். ஆனால் அந்தப் பழக்கம் பற்றி லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் 2010-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது.

இமாடினிப் சாப்பிடும் 87 பேர் எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். மாத்திரைப் புட்டியின் மூடியில் ஒரு மின்னணுச் சில்லு இருந்தது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது குறித்துக்கொள்ளும். 90 விழுக்காட்டுக்கு மேல் ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் ஏறக்குறைய 95 விழுக்காட்டினருக்கு நோய் மிக ஆழமாகக் கட்டுப்பட்டது. அதற்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களில் அது சுமார் 28 விழுக்காடு மட்டுமே. 90 விழுக்காடு என்றால் மாதத்துக்கு மூன்று நாள் விடுவது, அவ்வளவுதான். 80 விழுக்காட்டுக்கும் கீழே போனவர்களில் அந்த அளவுக்கு நோய் கட்டுப்பட்டவர் ஒருவர்கூட இல்லை.

"பழகிவிடும்" என்ற பயத்தில் மாத்திரையை விட்டவர்களுக்குத்தான் மருந்து தோற்கிறது. தட்டில் இருக்கும் உயிரணுவுக்கு மருந்தை நிறுத்தலாம். அது ஓர் ஆய்வு. மருந்து முழுமையாக வேலை செய்து, நோய் பல ஆண்டுகள் கண்ணுக்கே தெரியாத அளவுக்குக் குறைந்தவர்களில் சிலருக்கு மருத்துவர்களே மாத்திரையை நிறுத்திப் பார்ப்பதும் உண்டு. அடிக்கடி இரத்தப் பரிசோதனை செய்து, ஏறினால் உடனே மறுபடி தொடங்குவார்கள். வீட்டில் நாமாகச் செய்வது அதுவல்ல. வாந்தி, வீக்கம், தசைப்பிடிப்பு என்று பக்கவிளைவு தாங்க முடியாமல் மாத்திரையை விடுபவர்கள் உண்டு. அவர்கள் அதை மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்ற வழி இருக்கிறது. சொல்லாவிட்டால், மருந்து தோற்றுவிட்டதா, சாப்பிடவே இல்லையா என்று மருத்துவருக்கே தெரியாது.

புள்ளி எப்போதும் எதிரியா?

இல்லை. மூளையில் வரும் கிளையோபிளாஸ்டோமா என்ற கொடிய கட்டியை எடுத்துக்கொள்வோம். டெமோசோலோமைடு என்ற மருந்து அந்த உயிரணுக்களின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்திக் கொல்கிறது. எம்ஜிஎம்டி என்ற மரபணு அந்தச் சேதத்தைப் பழுதுபார்க்கும் புரதத்தைத் தயாரிக்கிறது. எம்ஜிஎம்டி திறந்திருந்தால் கட்டி தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். அதன் மேல் புள்ளி விழுந்திருந்தால் பழுதுபார்க்க ஆளில்லை, மருந்து வெல்கிறது.

2005-இல் மோனிகா ஹெகி என்பவர் தலைமையில் வந்த ஆய்வில், எம்ஜிஎம்டி மேல் புள்ளி இருந்த நோயாளிகள் கதிர்சிகிச்சையோடு இந்த மருந்தையும் பெற்றபோது நடுமதிப்பாக 21.7 மாதங்கள் வாழ்ந்தார்கள். கதிர்சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு அது 15.3 மாதங்கள். புள்ளி இல்லாதவர்களில் இந்த இரு எண்களும் 12.7, 11.8. ஏறக்குறைய வேறுபாடே இல்லை. இன்று இந்தக் கட்டி வந்தால் அந்தப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை உலகெங்கும் வழக்கத்தில் இருக்கிறது.

இப்போது அசாசைடிடினை மறுபடி நினைத்துப் பாருங்கள். அது எழுத்தரையே பிடித்துவைக்கிறது. எந்தப் புள்ளியை எடுக்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது. சாக்ஸ்3 மேலிருக்கும் புள்ளியோடு, நமக்கு உதவியாக எம்ஜிஎம்டி போன்ற ஒரு மரபணுவின் மேல் இருக்கும் புள்ளியும் போகலாம். இரத்தப் புற்றுநோய்களில் பயன் தந்த இந்த வகை மருந்துகள் நுரையீரல், குடல் போன்ற உறுப்புகளின் கட்டிகளில் எதிர்பார்த்த அளவுக்கு இன்னும் பயன் தரவில்லை. ஒரே ஒரு மரபணுவின் புள்ளியை மட்டும் எடுக்கும் கருவிகள் ஆய்வுக்கூடங்களில் உருவாகிக்கொண்டிருக்கின்றன. அவை நோயாளியின் கட்டிவரை போய்ச் சேர வேண்டும் என்பது தனிச் சிக்கல்.

வெற்றிலைத் தட்டும் சுபாங் ஜெயாவும்

கடைசியாக, நம் வீட்டுக்குப் பக்கத்து விஷயம். கிள்ளான் ஜாலான் தெங்கு கெலானாவில் வெற்றிலையும் பாக்கும் விற்காத மளிகைக் கடையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். தாம்பூலத் தட்டில் இருப்பதை யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் தினமும் மெல்லும் பழக்கம் வேறு. புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் பாக்கோடு வெற்றிலை மெல்லுவது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியது. மலேசியாவில் வாய்ப்புற்றுநோய் இந்தியர்களிடையே, அதிலும் பெண்களிடையே, மற்ற இனத்தவரைவிட அதிகம். தோட்டத்தில் வேலை செய்த நம் பாட்டிகளின் தலைமுறையை நினைத்தால் காரணம் புரியும்.

வாய்ப்புற்றுநோயிலும் அதற்கு முந்தைய வெண்படலங்களிலும், உயிரணுப் பிரிவை நிறுத்தும் பி16 என்ற மரபணுவின் மேல் மெத்தில் புள்ளிகள் விழுந்திருப்பதைப் பல நாட்டு ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். எந்தக் கட்டியில் எங்கே புள்ளி விழுகிறது என்பது அந்தக் கட்டி உருவான விதத்தையும் பொறுத்தது. அப்படியானால் கே562-வையும் பிசி9-ஐயும் மட்டும் வைத்துக்கொண்டு நம் நோயாளிகளுக்கு மருந்து தேட முடியாது. நம் நோயாளிகளின் உயிரணுக்களே வேண்டும்.

அந்த வேலையைச் சுபாங் ஜெயாவில் செய்தார்கள். 2001-இல் தொடங்கிய புற்றுநோய் ஆய்வு நிறுவனம் ஒன்று அங்கே இருக்கிறது. இன்று அதன் பெயர் கேன்சர் ரிசர்ச் மலேசியா. அதன் ஆய்வாளர் சியோங் சொக் சிங் குழுவினர், மலாயாப் பல்கலைக்கழகப் பல் மருத்துவ அறிஞர்களோடு சேர்ந்து, மலேசிய வாய்ப்புற்றுநோய் நோயாளிகளின் கட்டிகளிலிருந்து உயிரணு வரிசைகளை வளர்த்தார்கள். 2007-இல் முதல் மூன்றைப் பற்றி எழுதினார்கள்: ஓஆர்எல்-48, ஓஆர்எல்-115, ஓஆர்எல்-136. பிறகு எண்ணிக்கை கூடியது. 2020-இல் இங்கிலாந்தின் வெல்கம் சாங்கர் ஆய்வகத்தோடு சேர்ந்து, 21 வாய்ப்புற்றுநோய் உயிரணு வரிசைகளில் மரபணுக்களை ஒவ்வொன்றாக அணைத்து, எதை அணைத்தால் கட்டி சாகிறது என்று பார்த்தார்கள். அது புள்ளிகளைப் பற்றிய ஆய்வு அல்ல. ஆனால் புள்ளிகளைப் பற்றி எதைக் கேட்க வேண்டுமானாலும் அதே உயிரணுக்களிடம்தான் கேட்க வேண்டும். மருத்துவமனையில் கட்டியை எடுத்த அன்று, ஆய்வுக்கு ஒரு துண்டு கொடுக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட நோயாளிகளின் உயிரணுக்கள் அவை.